அன்செலோட்டி ஒன்றுமே செய்வதில்லையா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. இத்தாலியக் கால்பந்துப் பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டி ஆட்டக்காரராக எப்படி இருந்தார் என்பது ஒன்று. நட்சத்திர வீரர்கள் கையில் கிடைத்ததால்தான் பயிற்சியாளராக இத்தனை கோப்பைகளை வென்றார், அவருக்கென்று ஒரு பாணியே கிடையாது என்கிறார்களே, அது சரியா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கான பதில் முதலாவதற்குள் இருக்கிறது, அதனால் அவருடைய ஆட்டக் காலத்திலிருந்தே தொடங்குகிறேன். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்செலோட்டி பயிற்சியாளராக வந்தபோது எதற்கும் வளைந்துகொடுக்காத ஒரு பாணியோடுதான் வந்தார். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு அற்புதமான ஆட்டக்காரர்களை இழந்த பிறகு, கையில் இருக்கும் வீரர்களைப் பார்த்து ஆட்டத்தை அமைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது "ஒன்றும் செய்யவில்லை" என்று தெரிகிறது. எனக்கு அது இந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதியாகத் தெரிகிறது.

1959இல் வட இத்தாலியில், ரெஜ்ஜோலோ என்ற சிற்றூரில் பிறந்தவர். விவசாயக் குடும்பம், மாடுகள், பால். அந்தப் பகுதிப் பால் எல்லாம் பார்மேசான் சீஸுக்குப் போகும். பக்கத்து ஊர் அணியான பார்மாவில் தொடங்கி, 1979இல் அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு ஏறக் காரணமான ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். அதே ஆண்டு ரோமா அவரை வாங்கிக்கொண்டது. அங்கே பயிற்சியாளர் ஸ்வீடன்காரர் நில்ஸ் லீட்ஹோம், குரலை உயர்த்தவே மாட்டார் என்று பெயர் எடுத்தவர். அன்செலோட்டி இன்று பக்கவாட்டுக் கோட்டருகே நிற்கும் அந்த நிதானத்தில் லீட்ஹோம் நிறையவே இருக்கிறார். 1983இல் ரோமா இத்தாலிய லீக்கை வென்றது, 1942க்குப் பிறகு முதல் தடவையாக. பிரேசிலின் ஃபால்காவோ, புரூனோ கோன்டி, அகோஸ்டீனோ டி பார்த்தோலொமெய் எல்லாம் இருந்த அணி அது. அதில் ஓடி உழைக்கிற, ஆனால் பாஸும் போடத் தெரிந்த இளைஞன் அன்செலோட்டி.

ஆனால் முழங்கால்கள் அவரை விடவில்லை. 1981இல் ஒரு பெரிய காயம், அதனால் 1982 உலகக் கோப்பை போயிற்று. இத்தாலி வென்ற உலகக் கோப்பை அது. மீண்டு வந்தார், 1983 டிசம்பரில் மறுபடி காயம். இந்தத் தடவை போனது 1984 ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதியாட்டம். ரோமா தன் சொந்த ஊரில், தன் சொந்த மைதானத்தில், இங்கிலாந்தின் லிவர்பூலோடு ஆடி பெனால்டியில் தோற்ற ஆட்டம். ஒரு ஆட்டக்காரனின் வாழ்க்கையில் எது பெரிய ஆட்டமோ அதை இரண்டு முறையும் வெளியே உட்கார்ந்து பார்த்தவர் இவர். ஆட முடியாமல் உட்கார்ந்திருக்கும் வீரனிடம் இவர் பேசும் விதத்தைப் பற்றி இவரிடம் ஆடியவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வருடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

1987இல் ஏசி மிலான். புதுப் பயிற்சியாளர் அரிகோ சாக்கி இவரைக் கேட்டார், உரிமையாளர் பெர்லுஸ்கோனி தயங்கினார், காரணம் அந்த முழங்கால்தான். சாக்கி விடாமல் நின்று வாங்க வைத்தார். வாங்கியபின் சும்மா விடவில்லை. மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இவரை வரவழைத்து, இளைஞர் அணிப் பையன்களோடு சேர்த்து, யார் எப்போது முன்னேறி அழுத்த வேண்டும், பந்து இடம் மாறும்போது வரிசை எப்படி நகர வேண்டும் என்று அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார். லீக் பட்டம் வென்ற, இத்தாலிக்கு ஆடிய, ரோமாவின் கேப்டனாக இருந்த ஆளுக்கு! அவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

சாக்கியின் மிலான் என்றால் 4-4-2: நான்கு டிஃபெண்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர். முன்கள வீரருக்கும் கடைசி டிஃபெண்டருக்கும் இடையே தூரம் குறைவாக இருக்க வேண்டும், பதினொரு பேரும் ஒரே உடலாக நகர வேண்டும், டிஃபெண்டர்கள் ஒன்றாக முன்னேறி எதிரணி ஸ்ட்ரைக்கரை விதிமீறலில் சிக்கவைக்கும் ஆஃப்சைடு பொறி துல்லியமாக விழ வேண்டும். ஃபான் பாஸ்டன், குலிட், ரைக்கார்ட் என்ற மூன்று டச்சுக்காரர்களைத்தான் உலகம் பார்த்தது. நடுவில் நின்று தூரத்தை அளந்துகொண்டிருந்தவர் அன்செலோட்டி. வேகம் குறைந்துவிட்டது, முழங்கால் பாதிதான் வேலை செய்தது, ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. 1989 அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று நொறுக்கினார்களே, அந்த முதல் கோல் இவருடையது, தூரத்திலிருந்து அடித்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை. 1992இல் ஓய்வு. இத்தாலிக்கு 26 ஆட்டம், ஒரு கோல். மாபெரும் ஆட்டக்காரர் என்று சொல்ல மாட்டேன், மாபெரும் அணிகளின் நல்ல ஆட்டக்காரர். பயிற்சியாளராகப் போகிறவருக்கு அந்த இடம் வசதியானது என்று நினைக்கிறேன். மேதைகளுக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் பந்தைத் தொடுவதற்கு முன் என்ன நடக்க வேண்டும் என்று தினமும் யோசிக்க வேண்டிய இடம் அது.

ஓய்வு பெற்றதும் சாக்கி இவரை இத்தாலி அணிக்குத் துணைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டார். 1994 அமெரிக்க உலகக் கோப்பை, இறுதியாட்டத்தில் பிரேசிலிடம் பெனால்டியில் தோல்வி. அதன்பின் ரெஜ்ஜானா என்ற சின்ன அணியை 1996இல் முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டு, தன் பழைய பார்மாவுக்கே பயிற்சியாளராக வந்தார். இங்கேதான் நான் சொன்ன விஷயம் வருகிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பார்மாவில் அப்போது இருந்தவர்கள்: பதின்பருவத்து பஃபோன், கன்னவாரோ, துராம், முன்னால் கிரெஸ்போ, கியேசா. கூடவே ஜியான்ஃபிராங்கோ ஜோலா. ஜோலா இரண்டு ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் சுதந்திரமாக உலவுகிற ஆள், பத்தாம் எண் ஆட்டக்காரர். அன்செலோட்டி மண்டைக்குள் இருந்தது சாக்கியின் 4-4-2. அதில் பத்தாம் எண்ணுக்கு இடம் இல்லை. ஜோலாவை இடது ஓரத்தில் ஆடச் சொன்னார். 1996 நவம்பரில் ஜோலா இங்கிலாந்து அணியான செல்சிக்குப் போய்விட்டார், அந்த சீசன் முடியும்போது இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுத்தார்கள். சரி, ஒன்று போயிற்று. அடுத்த கோடையில் இத்தாலியின் நட்சத்திரம் ரொபெர்ட்டோ பாஜியோ பார்மாவுக்கு வரத் தயாராக இருந்தார். பாஜியோ! அவரும் ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் ஆட விரும்பினார், அன்செலோட்டி அமைப்பை மாற்ற மாட்டேன் என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டார். பாஜியோ போலோன்யாவுக்குப் போய் அந்த சீசனில் லீக்கில் 22 கோல் அடித்தார்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பார்மா அந்த முதல் சீசனில் தோற்கவில்லை. யுவென்டஸுக்கு இரண்டே புள்ளி பின்னால் இரண்டாமிடம், சாம்பியன்ஸ் லீக்குக்கு முதல் தடவையாகத் தகுதி. பலரும் இதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு அதே வழியில் போயிருப்பார்கள். அவரும் பாஜியோ வரை அப்படித்தான் போனார், ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. பாஜியோ விஷயத்தில் தான் செய்தது தவறு என்று பின்னாளில் பல பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். வெற்றி தந்த வழியையே பின்னால் திரும்பிப் பார்த்துச் சந்தேகிப்பது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

1999 பிப்ரவரியில் யுவென்டஸின் பயிற்சியாளர் ஆனார். அங்கே அவருக்குக் கிடைத்தவர் பிரான்ஸின் ஜிடான், அவரும் ஒரு பத்தாம் எண். ஜிடானை ஓரத்தில் தள்ளி ஆடச் சொல்ல முடியுமா? அமைப்பை உடைத்தார், ஜிடானை இரண்டு ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் நிறுத்தி மற்றதையெல்லாம் அதைச் சுற்றிக் கட்டினார். தான் 4-4-2 வெறியிலிருந்து வெளியே வந்தது ஜிடானால்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் கோப்பை வரவில்லை. 2000ஆம் ஆண்டு லீக்கின் கடைசி நாள், பெருஜாவில் கொட்டுகிற மழை, இரண்டாம் பாதி தொடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம், குளமாகிப்போன மைதானத்தில் 0-1 தோல்வி, லாட்சியோ சாம்பியன். அடுத்த ஆண்டும் இரண்டாமிடம். யுவென்டஸ் ரசிகர்கள் தொடக்கத்திலிருந்தே இவரை ஏற்கவில்லை, மிலான்காரன், பன்றி என்றெல்லாம் பதாகை பிடித்தார்கள். 2001இல் வெளியே அனுப்பினார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் மிலான் அழைத்தது. அடுத்த எட்டு சீசன்கள்தான் அவர் யார் என்பதற்கான என் சாட்சி. மிட்ஃபீல்டில் பிர்லோ, செடோர்ஃப், ரூயி கோஸ்டா, கொஞ்ச நாளில் காகா. எல்லோரும் பந்தைக் கேட்கிறவர்கள், எல்லோரும் ஏதோ ஒரு வகையில் பத்தாம் எண். பழைய அன்செலோட்டி இவர்களில் இருவரை விற்றிருப்பார். புதியவர் எல்லோரையும் ஆட வைக்க வழி தேடினார். பிர்லோவை டிஃபென்ஸுக்கு முன்னால் இறக்கி ஆட வைத்ததுதான் அதில் முக்கியமானது. அந்த யோசனைக்கு முழுப் பெருமையும் அவருக்குத் தர முடியாது, பிரெஷாவில் மாட்சோனே என்ற பயிற்சியாளர் பிர்லோவை அந்த இடத்தில் முன்பே முயன்றிருந்தார், பிர்லோவும் தானே அதைக் கேட்டார். ஆனால் ஓடித் தடுக்கிற ஆள் நிற்க வேண்டிய இடத்தில், மெதுவாக நடக்கிற, மெல்லிய உடம்புள்ள ஒருவரை ஒரு பெரிய அணியில் வாராவாரம் நிறுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். அவருக்கு ஒரு பக்கம் கட்டூசோவை ஓட விட்டார், இன்னொரு பக்கம் செடோர்ஃப். பிர்லோ பந்தை வாங்கித் தலை நிமிர்ந்தால் ஆட்டம் தொடங்கும். அதன் பிறகு பல வருடங்கள் உலகம் முழுக்க எல்லா அணிகளும் தங்களுக்கு ஒரு பிர்லோவைத் தேடின.

பிறகு இருவரை ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நிறுத்தும் 4-3-2-1, கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். 2003இல் ஓல்ட் டிராஃபோர்டில் யுவென்டஸைப் பெனால்டியில் வென்று சாம்பியன்ஸ் லீக், பன்றி என்று பதாகை பிடித்தவர்களின் அணிக்கு எதிராகவே. 2004இல் இத்தாலிய லீக். 2005 இஸ்தான்புல் எல்லோருக்கும் தெரியும்: இடைவேளையில் 3-0 முன்னிலை, அப்புறம் ஆறு நிமிடத்தில் லிவர்பூல் மூன்று கோல், பெனால்டியில் தோல்வி. அதற்கு முந்தைய ஆண்டும் ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருன்யாவிடம் முதல் ஆட்டத்தில் 4-1 வென்றுவிட்டு இரண்டாவதில் 0-4 தோற்றிருந்தார்கள். முன்னிலையைக் காக்கத் தெரியாத அணி என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. ஆனால் பெரும்பாலும் அதே ஆட்களை வைத்துக்கொண்டு 2007இல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 வென்றார், இன்சாகி இரண்டு கோல். இஸ்தான்புல் மாதிரி ஒரு இரவுக்குப் பிறகு அணியைக் கலைக்காமல், யாரையும் பலி கொடுக்காமல் திரும்பக் கொண்டுவந்தது எனக்கு ஐந்து சாம்பியன்ஸ் லீக் வெற்றிகளில் பெரியது.

செல்சியை விரைவாகக் கடந்துவிடலாம்: முதல் சீசனிலேயே லீக், இங்கிலாந்தின் நாக்அவுட் கோப்பையான எஃப்ஏ கோப்பை இரண்டும், லீக்கில் 103 கோல். அடுத்த சீசன் இரண்டாமிடம், கடைசி ஆட்டம் முடிந்த சிறிது நேரத்தில் எவர்ட்டன் மைதானத்திலேயே வேலை போயிற்று. அடுத்துப் போன பாரிஸ் அணிக்கு 19 ஆண்டுகளுக்குப் பிறகு பிரெஞ்சு லீக்.

2013இல் ரியல் மாட்ரிட். முந்தைய பயிற்சியாளர் மொரீன்யோவின் மூன்று ஆண்டுச் சண்டைகளில் இரண்டாகப் பிளந்து கிடந்த ஓய்வறை. ஓரத்தில் ஆடுகிற பேல் வந்துவிட்டதால் டி மரியாவுக்கு அங்கே இடம் இல்லை. ஜோலா கதையின் மறுபதிப்பு மாதிரி இருந்தது. இந்தத் தடவை அவர் டி மரியாவை நடுக்களத்தில் இடப்பக்கம் கொண்டுவந்தார், மோட்ரிச்சுக்கும் ஷாபி அலோன்சோவுக்கும் பக்கத்தில். ஓரத்தில் ஓடிப் பழகிய கால்கள் உள்ளிருந்து ஓரத்துக்குப் பாய்ந்தபோது எதிரணிகளால் பிடிக்க முடியவில்லை. 2014இல் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் 93ஆவது நிமிடம் ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் டி மரியா இடப்பக்கம் பிளந்துகொண்டு போய் அடித்த பந்து கோல்கீப்பர் காலில் பட்டு எழும்ப, பேல் தலையால் தள்ளினார். 4-1. மாட்ரிட் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்த பத்தாவது கோப்பை. ஒரு வருடம் கழித்து வேலை போயிற்று, அது மாட்ரிட்டின் வழக்கம்.

இனி அவருக்கு எதிரான பக்கம், அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கில் 2017இல் ஜெர்மன் லீக்கை வென்றும், அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸில் 0-3 தோற்றதும் அனுப்பிவிட்டார்கள். பயிற்சி போதிய அளவு கடுமையாக இல்லை என்று வீரர்களே முணுமுணுத்ததாகச் செய்திகள் வந்தன. முந்தைய பயிற்சியாளர் குவார்டியோலாவின் கண்டிப்பில் மூன்று ஆண்டு இருந்தவர்களுக்கு இவருடைய விட்டுக்கொடுக்கும் வழி ஒத்துவரவில்லை என்று நினைக்கிறேன். இத்தாலியின் நாப்போலியில் அணியின் தலைவருக்கும் வீரர்களுக்கும் இடையே நடந்த சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்டார், ஆட்டத்தில் 4-0 வென்ற அன்றைய இரவே நீக்கப்பட்டார். 24 மணி நேரமும் கட்டுப்பாடு தேவைப்படும் அணிக்கு, அல்லது கீழே இருந்து ஓர் ஆட்டமுறையைக் கட்டி எழுப்ப வேண்டிய அணிக்கு, நான் இவரைப் பரிந்துரைக்க மாட்டேன். நீண்ட லீக்கை விட நாக்அவுட் ஆட்டங்களில்தான் இவர் பலம். மிலானில் அத்தனை திறமை இருந்தும் ஒரே ஒரு லீக் பட்டம் என்பது குறைவுதான்.

இங்கிலாந்தின் எவர்ட்டனில் பத்தாமிடத்தில் முடித்தவரை 2021இல் மாட்ரிட் மறுபடி அழைத்தபோது பலருக்கும் புரியவில்லை. முதல் சீசனிலேயே ஸ்பானிய லீக், அதோடு இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் ஐந்திலும் லீக் வென்ற முதல் பயிற்சியாளர் ஆனார். அதே சீசனில் சாம்பியன்ஸ் லீக். முந்தைய சீசனில் எல்லாம் சேர்த்து 6 கோல் அடித்த வினீசியஸ் 22 அடித்தார். மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான அந்த அரையிறுதியில், கூடுதல் நேரத்துக்கு முன்னால், வெளியே உட்கார்ந்திருந்த குரோஸ், மார்செலோ போன்றவர்களிடம் யாரை இறக்கலாம் என்று அன்செலோட்டி கருத்துக் கேட்டார். குரோஸ் இதைப் பின்னால் சொன்னார், அவரைப் பற்றிப் புரிந்துகொள்ள இது போதும் என்கிற தொனியில். இதை வைத்துத்தான் "பார்த்தீர்களா, வீரர்களே முடிவெடுக்கிறார்கள்" என்றும் சொல்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: சாம்பியன்ஸ் லீக்கைப் பலமுறை வென்ற மூளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன, அவற்றைக் கேட்காமல் இருப்பது யாருக்கு லாபம்? கேட்டுவிட்டு முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்பவர் அவர்தான். தோற்றால் வேலை போவது அவருக்குத்தான், போயும் இருக்கிறது.

2023இல் பென்சிமா போனார், அந்த இடத்துக்குப் பெரிய ஸ்ட்ரைக்கர் வரவில்லை. பெல்லிங்கம் என்ற மிட்ஃபீல்டரை வினீசியஸுக்கும் ரொட்ரிகோவுக்கும் பின்னால் நிறுத்தி நடுக்களத்தை வைர வடிவத்தில் ஆட வைத்தார், பெல்லிங்கம் அந்த சீசனில் 23 கோல். பார்மாவில் ஜோலாவுக்கு மறுத்த அதே இடம்தான் அது. கோல்கீப்பர் கூர்த்வா, டிஃபெண்டர்கள் மிலிட்டாவ், அலாபா மூவரும் நீண்ட காயத்தில் கிடந்த ஆண்டில் லீக்கும் சாம்பியன்ஸ் லீக்கும் வந்தன. அடுத்த ஆண்டு எம்பாப்பே வந்தார், குரோஸ் ஓய்வு பெற்றார், சமநிலை போயிற்று, பார்சிலோனாவோடு ஆடிய நான்கு ஆட்டமும் தோல்வி. நட்சத்திரங்கள் மட்டும் போதுமென்றால் அந்த அணிதான் எல்லாவற்றையும் வென்றிருக்க வேண்டும். 2025 மே மாதம் பிரேசில் தேசிய அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். மாட்ரிட்டில் அவர் விட்டுப்போன நாற்காலிக்கு வந்தவர், லிஸ்பன் சீசனில் அவரிடம் ஆடிய ஷாபி அலோன்சோ. 2013இல் அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜிடானும் இடையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் வென்றவர்.

பழைய ஆட்டங்களைப் பார்க்க நேரம் இருந்தால் மூன்றைப் பாருங்கள். 1989 மிலான்-மாட்ரிட் 5-0, பந்து இல்லாதபோது அன்செலோட்டி எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனித்தால் போதும். 2007 அரையிறுதி, சான் சீரோவில் மான்செஸ்டர் யுனைட்டெடை 3-0 வென்றது, காகாவும் செடோர்ஃபும் ஒருவருக்கொருவர் இடம் விட்டுக்கொடுப்பதைப் பார்க்கலாம். அப்புறம் 2014இல் மியூனிக்கில் பயர்னை 4-0 வென்றது. குவார்டியோலாவின் அணி பந்தை வைத்துக்கொண்டே இருக்க, மாட்ரிட் இரண்டு வரிசையாக 4-4-2இல் இறுக்கமாக நிற்கும், பேலும் டி மரியாவும் ஓரத்தில் இறங்கி வந்து தடுப்பார்கள். சாக்கி காலையில் ஒரு மணி நேரம் முன்னால் வரவழைத்துச் சொல்லிக்கொடுத்த பாடத்தை, தேவைப்பட்ட அன்று மட்டும் எடுத்துப் பயன்படுத்தியிருப்பார்.